பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு

நான் நர்ஸாக இருக்கும் இங்கிலாந்திலிருந்து இந்த விடுமுறைக்கு நீலகிரியின் பந்தலூர் வந்து அம்மா வீட்டில் தங்கியிருந்தபோது, வெளிநாட்டு வேலைக்குப் போக நினைத்து என்னைப் பார்க்க வந்த நர்ஸ் பெண்கள் சம்பளம், ஓஇடி ஆங்கிலப் பரீட்சை, வீட்டு வாடகை என்று சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நின்றார்கள். "பிள்ளைங்களக் கையோட கூட்டிட்டுப் போயிரலாமாக்கா? இல்ல, அம்மாகிட்ட விட்டுட்டுப் போய், நாங்க கால் ஊன்றினதும் கூப்பிட்டுக்கலாமா?" கேட்கும்போதே சிலருக்குக் குரல் இறங்கிவிடும், மடியில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று.

ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். என் பதில் இதுதான்: சட்டம் இடம் கொடுத்தால் கூட்டிக்கொண்டு போங்கள். பிரிந்திருக்கும் காலத்தை முடிந்த மட்டும் சுருக்குங்கள். மருத்துவமனை சொல்லும் தேதியோடு, பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதையும் வைத்துப் பயணத் தேதியைக் குறியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளையிடம் சொல்லுங்கள். மெதுவாக, பல தடவை, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு இரண்டு காரணம். ஒன்று என் அம்மா. இன்னொன்று, இங்கிலாந்து போவதற்கு முன்னால் நான் பார்த்த வேலை.

நீலகிரியில் ஓர் உறைவிடப் பள்ளியின் மருத்துவ அறையில் நர்ஸாக இருந்தேன். நல்ல பள்ளி, பிள்ளைகளை அக்கறையாகப் பார்த்துக்கொண்ட பள்ளி. படித்தவர்களில் நிறையப் பேரின் அப்பா அம்மா துபாயிலோ மஸ்கட்டிலோ தோஹாவிலோ இருந்தார்கள். பகலில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ராத்திரி காய்ச்சல் வரும்போதுதான் தெரியும். 102 டிகிரியில் கிடக்கும் எட்டு வயசுப் பையன் மாத்திரையை மறுபேச்சில்லாமல் விழுங்குவான். தெர்மாமீட்டரைத் தானே வாங்கி அக்குளில் வைத்துக்கொள்வான். விளக்கை அணைக்கவா என்று கேட்டால் தலையாட்டுவான். அந்தச் சமர்த்துதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. என் மகள் அதே வயசில் ஒரு ஸ்பூன் சிரப்புக்கு வீட்டையே இரண்டாக்குவாள். அடம் பிடிக்க ஆள் இருந்தது, பிடித்தாள். இவன் யாரிடம் பிடிப்பான்?

நம் மலைகளுக்கு இது புதிதும் இல்லை. ஹெப்ரான் பள்ளி 1899இல் குன்னூரில் தொடங்கியதும், கொடைக்கானலில் இப்போது பன்னாட்டுப் பள்ளியாக இருக்கும் பள்ளி 1901இல் தொடங்கியதும் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத்தான். வேலைக்காகக் கடல் கடந்து வந்தவர்கள், சமவெளியின் வெயிலுக்கும் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பயந்து பிள்ளைகளை மலைமேல் விட்டார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரி வீடுகளில் பிள்ளைக்கு ஆறேழு வயசானதும் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவது வழக்கம். பிறகு வருஷக்கணக்கில் முகம் பார்க்க முடியாது. அதோடு ஒப்பிட்டால் கொடைக்கானல் எவ்வளவோ பக்கம். கோடைக்கு அம்மாக்கள் மலையேறி வந்து பிள்ளைகளோடு தங்கினார்கள். நூறு வருஷம் தாண்டிவிட்டது. இன்று இந்த மலைப் பள்ளிகளின் விடுதிகளில் வளைகுடாவில் உழைக்கும் நம் ஆட்களின் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சவுதியில் 2017 ஜூலையில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று ஒரு கட்டணம் வந்தது. வருஷத்துக்கு வருஷம் ஏறி 2020இல் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளை என்றால் மாதம் 1,200 ரியால், கூட இருப்பதற்கு மட்டும். வீட்டுவேலைக்குக் குவைத் போகும் நம் தோட்டத்துப் பெண்களுக்கோ பிள்ளையைக் கூட்டிப்போகும் பேச்சே கிடையாது. அதனால்தான் சட்டம் இடம் கொடுத்தால் என்று சொன்னேன். இடம் இருந்தும், "முதல்ல பணம் சேரட்டும்" என்று பிள்ளையை நாலைந்து வருஷம் விட்டுவிடுகிறவர்களிடம் மட்டும்தான் நான் வாதாடுகிறேன்.

அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

அம்மா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம், இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரண்டு அரசுகளும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டன. பெரியவர்களாவது விண்ணப்பத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். பிள்ளைகளின் பெயர்கள் குடும்ப அட்டையில் வயசோடு வரிசையாக ஏறின, அவ்வளவுதான். 1970களின் தொடக்கத்தில், ஒன்பது வயசில், அம்மா ரயிலில் தலைமன்னார் வந்து, கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்பில் காத்துக் கிடந்து, பிறகு இந்த மலைக்கு வந்து சேர்ந்தாள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னால் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளிப் பக்கம் நிற்கும் தேயிலையில் பெரும்பங்கு இப்படி வந்தவர்களின் கை நட்டது.

"எங்க போறோம்னு கேட்டேன். பேசாம இருடின்னு அப்பா அதட்டுனாரு. மூட்ட கட்டுறதப் பார்த்துத்தான் ஏதோ நடக்குதுன்னு தெரிஞ்சுச்சு. என் கூட்டாளிப் புள்ளகிட்ட சொல்லிட்டு வரக்கூட விடல" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். அங்கே நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். இங்கே காட்டை வெட்டித் தேயிலை நட்ட காலத்தில் நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் வந்தபோது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அதற்கும் பிறகு கொழுந்து பறிக்கும் வயசு வந்துவிட்டது. நாலாவதோடு அவள் படிப்பு நின்றது. தாத்தாமேல் அவளுக்குக் கோபம் கிடையாது. இரண்டு அரசாங்கம் முடிவு செய்த விஷயத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி என்ன செய்திருக்க முடியும்? ஆனால் எனக்கு மருத்துவமனையிலிருந்து வேலைக்கடிதம் வந்த அன்று, எவ்வளவு சம்பளம் என்று எல்லோரும் கேட்டபோது அம்மா கேட்டது, "புள்ளைங்ககிட்ட சொல்லிட்டியா?"

சொன்னோம். அப்போது மகளுக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது, மகனுக்கு ஐந்து முடிந்திருந்தது. குன்னூரில் என் கணவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தார். நான்கு பேரும் உட்கார்ந்து பேசினோம். மகளுக்குக் கோபமான கோபம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி அவளுக்கு உண்டு, படுகர் வீட்டுப் பெண். ஹெத்தை பண்டிகைக்கு அவர்கள் ஹட்டிக்கு, அதாவது அவர்கள் ஊருக்கு, என் மகளும் போய்விடுவாள். அந்த வீட்டு அம்மா இவளுக்கும் சேர்த்துத்தான் அன்று சமைப்பார். அதை விட்டு ஏன் வரவேண்டும் என்று கேட்டாள். கேட்பதில் என்ன தவறு? அந்தக் கோபத்தைச் சாக்லேட்டும் ஐபேடும் தருவதாகச் சொல்லி அமர்த்த வேண்டாம் என்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். அவள் கோபப்பட்டாள், நாங்கள் கேட்டுக்கொண்டோம். சில வாரம் கழித்து அவளாகவே, "அங்க எந்தக் கிளாஸ்ல சேர்ப்பாங்க?" என்றாள். மகன் கேட்டது ஒன்றே ஒன்று: "அங்க நான் யார் பக்கத்துல படுப்பேன்?"

பெட்டியில் எதை வைப்பது என்று அவர்களே எடுத்தார்கள். டீச்சர்களிடமும் கூட்டாளிகளிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லிக்கொள்ள நாள் விட்டோம். என் அம்மாவுக்குக் கிடைக்காதது என் மகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியமே இருந்தது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இதில்தான் நம் பக்கத்தில் பலர் பணத்தை இழக்கிறார்கள். நான் அறிந்தது பிரிட்டன். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பதிவு பெற்ற நர்ஸாகப் போகிறவர் கணவரையும் 18 வயசுக்குட்பட்ட பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். கணவர் அங்கே ஏறக்குறைய எந்த வேலையும் பார்க்கலாம். மற்ற விசாக்காரர்கள் கட்டும் சுகாதாரக் கூடுதல் கட்டணம் நர்ஸ் குடும்பத்துக்குக் கிடையாது. ஆனால் முதியோர் இல்லப் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. படிக்கப் போகிறவர்களில், 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளில், ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறவர்களும் அரசு உதவித்தொகையில் போகும் சிலரும்தான் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ள முடியும். ஒரு வருஷ எம்.எஸ்சி. படிப்புக்குப் பிள்ளையோடு போகலாம் என்று ஒரு ஏஜென்ட் கூடலூரிலோ கோவையிலோ உட்கார்ந்து சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த விதியையும் பிரிட்டன் அரசின் சொந்த இணையதளத்தில் பாருங்கள், பணம் கட்டும் அன்று இன்னொரு தடவை பாருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

பலருக்குத் தெரியாத ஒன்று: அப்பா அம்மா இரண்டு பேரும் அங்கே இருந்தால், அல்லது இரண்டு பேரும் போவதாக இருந்தால்தான் பிள்ளைக்கு விசா என்பது பொது விதி. அம்மா இங்கிலாந்தில், அப்பா ஊரிலேயே, பிள்ளை மட்டும் அம்மாவிடம் என்பது அத்தனை சுலபத்தில் நடக்காது. அம்மா தனி ஆளாகப் பிள்ளையின் முழுப் பொறுப்பையும் ஏற்றிருக்கிறார் என்று காட்ட வேண்டும். கணவரின் வேலையை விடுவதா என்ற பேச்சை முதலிலேயே முடித்துவிடுங்கள். 18 முடிந்த பிள்ளையை முதல் தடவையாகச் சேர்த்துக்கொள்ள வழியே இல்லை. "அப்புறம் கூப்பிட்டுக்கலாம்" என்று தள்ளிப்போட்டு மூத்த பிள்ளையை இப்படி இழந்த குடும்பம் எனக்குத் தெரியும். கையிருப்பும் காட்ட வேண்டும்: கணவருக்கு 285 பவுண்டு, முதல் பிள்ளைக்கு 315, அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 200, வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். மருத்துவமனையே பொறுப்பேற்றுக் கடிதத்தில் எழுதினால் இது தேவைப்படாது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

காகிதங்களில் ஒன்றிரண்டு. நீலகிரிக்காரர்களுக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் கோவை. பிள்ளையின் பெயருக்கு முன்னால் உள்ள இனிஷியலை விரித்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கும்படி செய்துவிடுங்கள். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் பின்னால் ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். காசநோய்ச் சான்று எல்லோருக்கும் வேண்டும். 11 வயசுக்குக் கீழே பொதுவாக எக்ஸ்ரே எடுக்க மாட்டார்கள், மருத்துவர் கேள்வி கேட்டுப் பார்த்துச் சான்று தருவார். தடுப்பூசி அட்டையைக் கட்டாயம் எடுத்துப்போங்கள். நம் அரசுத் திட்டத்தில் போடுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்த எம்ஆர் ஊசி. பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்த ஊசி அங்கே வழக்கம், போய்ச் சேர்ந்ததும் ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். மாற்றுச் சான்றிதழை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்ப நேர்ந்தால் இங்கே கேட்பார்கள்.

தேதி விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

நான் அக்டோபரில் தனியாகப் போனேன். மருத்துவமனை முதலில் கொடுப்பது பெரும்பாலும் ஒற்றை அறை. குடும்பத்தை அங்கே வைக்க முடியாது. நர்ஸாகப் பதிவாக ஆஸ்கி செய்முறைத் தேர்வைத் தாண்ட வேண்டும். வாடகை வீடு பிடிப்பது அதைவிடப் பெரிய தேர்வு. அதனால் சில மாதம் முன்னால் போவதை நான் தடுக்க மாட்டேன். அந்த மாதங்களில் மகள் வீடியோவில் நன்றாகப் பேசினாள். மகன்தான் சில நாள் போனுக்கு வரவே மாட்டான். அழைத்தால் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். கணவர் போனை அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். நான் தரையையும் அவன் முட்டியையும் பார்த்துக்கொண்டு, அன்று வார்டில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பேன். பிள்ளை போனுக்கு வரவில்லை என்றால் மறந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பேசினால் வலிக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

முழு ஆண்டுத் தேர்வை முடித்துவிட்டு அவர்கள் ஜூனில் வந்தார்கள். இது நான் மிகவும் யோசித்து வைத்த தேதி. அங்கே பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூலை கடைசியில் முடியும். செப்டம்பரில்தான் சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்குச் சில வாரம் முன்னால், ஆண்டின் வாலில் சேர்ப்பதையே நான் சொல்வேன். அந்த வாரங்களில் பாடம் தளர்ந்திருக்கும். விளையாட்டு விழா, சுற்றுலா, வகுப்பு விருந்து என்று போகும். பிள்ளைக்கு இரண்டு மூன்று முகமாவது பழகிவிடும். பிறகு ஆறு வார விடுமுறையில் அதே பிள்ளைகளைப் பூங்காவில் பார்க்கலாம். செப்டம்பரில் வகுப்புக்குள் நுழையும்போது புது ஆளாக நுழைய வேண்டியதில்லை.

அங்கே வகுப்பு வயசை வைத்துத்தான். செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரு வகுப்பு. தோற்று அதே வகுப்பில் இருப்பது கிடையாது. தொடக்கப் பள்ளியில் சேர ஜனவரி 15, உயர்நிலைப் பள்ளியில் சேர முந்தைய அக்டோபர் 31 கடைசி நாள். நம்மைப் போல் நடுவில் வருபவர்கள் நகராட்சிக்கு எழுதி, எந்தப் பள்ளியில் இடம் மிச்சமிருக்கிறதோ அதைத்தான் வாங்க முடியும். அண்ணனும் தங்கையும் இரண்டு திசையில் போக நேரலாம். வீடு பார்க்கும்போதே பக்கத்துப் பள்ளிகளில் இடம் இருக்கிறதா என்று நகராட்சியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு முன்பணம் கட்டுங்கள்.

சின்னப் பிள்ளைகளைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயசில் இருப்பவர்களைப் பற்றித்தான் யோசிக்கச் சொல்வேன். ஜிசிஎஸ்இ என்பது அங்கே பதினாறு வயசு வாக்கில் எழுதும் பொதுத்தேர்வு. அதன் பாடங்கள் பத்தாம் ஆண்டில் தொடங்கி, பதினோராம் ஆண்டின் மே, ஜூனில் தேர்வாகும். அதன் நடுவில் போய் விழும் பிள்ளை, புத்திசாலியாக இருந்தாலும் திணறும். என் நாத்தனார் மகள் இங்கே பத்தாம் வகுப்பில் இருந்தபோது அவர்களுக்கு விசா வந்தது. பொதுத்தேர்வை எழுதி முடிக்கும்வரை பாட்டியிடம் இருந்துவிட்டு, பிறகு போய்ச் சேர்ந்தாள். அது சரியான முடிவு. கையில் ஒரு முழுச் சான்றிதழோடு போனாள்.

பெரிய பிள்ளை உள்ளவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைக்காத பிள்ளையிடம் பல்கலைக்கழகங்கள் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் கேட்கும். உள்ளூர்ப் பிள்ளைக்கு இங்கிலாந்தில் 2025-26இல் வருஷத்துக்கு அதிகபட்சம் 9,535 பவுண்டு. வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பல இடங்களில் அதைப்போல் இரு மடங்குக்கு மேல். நாங்கள் போனபோது அந்த உரிமைக்கு 5 வருஷம் என்றிருந்தது. அதைப் 10 ஆக்கும் எண்ணத்தை அரசு 2025 மே மாதம் அறிவித்தது. பதின்மூன்று வயசுப் பிள்ளையோடு போகிறவர்கள், பதினெட்டில் என்ன செய்வோம் என்பதை இங்கேயே, நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே பேசிவிட வேண்டும். பட்டப்படிப்புக்கு இந்தியா திரும்புவதும் ஒரு நல்ல வழிதான், பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்.

மொழி. என் மகன் முதல் பருவம் முழுக்க வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, இப்படி ஒரு மௌன காலம் புது மொழிக்குள் வரும் பிள்ளைகளுக்கு இயல்பு, உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கிறான், வற்புறுத்த வேண்டாம் என்றார். வீட்டில் தமிழை விடாதீர்கள் என்றும் அவரே சொன்னார். ஒருநாள் விளையாட்டில் யாரோ ஏமாற்றியபோது முழு வாக்கியத்தில் சண்டை போட்டிருக்கிறான். அன்றிலிருந்து பேச்சு நிற்கவில்லை. நம் மலைப் பிள்ளைகளுக்கு ஒரு பலம் உண்டு. குன்னூரில் தெருவில் தமிழ், பக்கத்து வீட்டில் படுகு, பந்தலூர் வந்தால் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். புரியாத பேச்சுக்கு நடுவில் நிற்பது அவர்களுக்குப் பயமான விஷயமே இல்லை.

குளிரும் அப்படித்தான். ஸ்வெட்டரில் வளர்ந்த பிள்ளைகள். ஆனால் இருட்டு புதிது. நீலகிரியில் வருஷம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். நாங்கள் இருக்கும் வட இங்கிலாந்தில் டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். முதல் குளிர்காலத்தில் மகள் பள்ளிவிட்டு வந்து படுத்துக்கொண்டாள், எதிலும் பிடிப்பில்லை. நர்ஸாகச் சொல்கிறேன்: இலையுதிர் காலத்திலிருந்தே தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி கொடுங்கள், நம் தோல் நிறத்துக்கு வருஷம் முழுக்கவே கொடுக்கலாம். வெளிச்சம் இருக்கும் நேரத்தில், மழையானாலும், அரை மணியாவது வெளியே நடக்க வையுங்கள். அம்மாவாகச் சொல்கிறேன்: அந்த முதல் டிசம்பரில் கூடுதல் ஷிஃப்ட் எடுக்காதீர்கள்.

ஷிஃப்ட் என்றதும் சொல்ல வேண்டியது. லாங் டே என்றால் காலை ஏழரை முதல் இரவு எட்டு. பள்ளி மூன்றேகாலுக்கு விட்டுவிடும். இங்கே அம்மாயி இருந்தாள், பக்கத்து வீட்டு அத்தை இருந்தார். அங்கே ஒரு கதவைத் தட்டவும் ஆள் இல்லாமல் முதல் வருஷம் போகும். கணவரின் வேலை நேரத்தை என் ரோஸ்டரைப் பார்த்துத்தான் எடுத்தோம். கிடங்கு வேலை, அதிகாலை முதல் மதியம் வரை. நல்ல டீமேக்கர் கிடங்கில் பெட்டி தூக்கினார். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, ஆனால் போகும் முன் எல்லாக் கணவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பார். மூன்று, நான்கு வயசுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் காலத்தில் வாரம் 15 மணி நேரம் இலவசப் பராமரிப்பு உண்டு. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கட்டும் தொகையைக் கேட்டால் சம்பளக் கணக்கே மாறிவிடும்.

அடி விஷயத்தையும் மறைக்காமல் பேசிவிடுவோம். ஸ்காட்லாந்தில் 2020 முதலும் வேல்ஸில் 2022 முதலும் பெற்றோர் பிள்ளையை அடிப்பது சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் சட்டம் அந்த அளவு போகவில்லை. ஆனாலும் உடம்பில் ஒரு தடம் தெரிந்தால் பள்ளி பார்த்துக்கொண்டு இருக்காது. விமானம் ஏறிய பிறகு நிறுத்தலாம் என்று இருக்காதீர்கள். இங்கேயே, இன்றே நிறுத்திவிடுங்கள். புது ஊரில் எல்லாம் அந்நியமாக இருக்கும்போது, பிள்ளைக்குப் பழகிய இடமாக இருப்பது நம் கை ஒன்றுதான்.

சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளி ஒன்று எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கிறது. நடத்துபவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். முதல் நாள் ஆசிரியை என் மகளிடம் எந்த இடம் என்று கேட்டார். "நீலகிரி. ஆனா அம்மாயி ஹட்டன்" என்றாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஹட்டனில் எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். அன்று மாலை போனில் அம்மாவோடு அவர் பேசிய பேச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அதற்குப் பிறகு, தலைமன்னார் கப்பலைப் பற்றி, கேம்பைப் பற்றி அம்மா தானாகவே பேத்தியிடம் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கே சொல்லாத பலவற்றைச் சொல்கிறாள்.

இதில் தீராதது ஒன்று உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சட்டம் இருக்கிறது. அம்மாவைக் கூட்டிப்போக எங்களுக்கு வழி இல்லை. வருகையாளர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை வந்து இருக்கலாம், அவ்வளவே. பள்ளி நாட்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் வரவும் முடியாது: அனுமதியின்றி விடுப்பு எடுத்தால் ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு அபராதம், 21 நாளில் கட்டாவிட்டால் 160. அதனால் எங்கள் லயத்து மாரியம்மன் திருவிழா ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி வந்தால்தான் எங்களுக்குத் திருவிழா. அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நான்தான் சொல்வேன், சொல்லிக்கொண்டே இருப்பேன்: பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது அவர்களை வளர்த்த இன்னொருத்தியிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறோம். போகும் முன் அவளோடு இருக்கவும் பிள்ளைகளுக்கு ஒரு முழு விடுமுறை கொடுங்கள்.

மகள் இப்போது பத்தாம் ஆண்டு. அடுத்த மே மாதம் ஜிசிஎஸ்இ. பக்கத்து நகரத்து மருத்துவமனை ஒன்றில் பேண்ட் 6 இடம், அதாவது ஒரு படி மேலான நர்ஸ் பதவி, ஒன்று வந்தது; சம்பளம் கூடும், எனக்கும் ரொம்ப நாள் ஆசை. அங்கே போனால் வீடும் பள்ளியும் மாற வேண்டும். வீட்டில் நான்கு பேரும் பேசினோம். மகன் போகலாம் என்றான். மகள், "பரீட்சை முடியட்டும்மா, அப்புறம் எங்க வேணும்னாலும் வர்றேன்" என்றாள். நான் விண்ணப்பிக்கவில்லை. அடுத்த வருஷம் ஜூலையில் அப்படி ஓர் இடம் வந்தால் பார்த்துக்கொள்கிறேன்.